திருநாள் விடுமுறையில் பிள்ளைகளின் மனபாரம்

அய்யா துணை



வைகாசி பிறந்துவிட்டால் அய்யாவழி மக்களின் வீடுகளில் ஒரே பரபரப்புதான். சாமிதோப்புத் தலைமைப்பதியில் வெள்ளிக்கிழமை கொடியேறும். எட்டாம் நாள் கலிவேட்டை, பதினோராம் நாள் திங்கட்கிழமை தேரோட்டம். அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊராக நிழல்தாங்கல்களில் திருநாளும் திருஏடு வாசிப்பும் அன்னதர்மமும் நடக்கும். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போனவர்கள் ஊருக்கு வருகிற காலமும் இதுதான். கல்யாணம் வைப்பதும் இந்த நாட்களில்தான், வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் இந்த நாட்களில்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பதால் நோட்டு, புத்தகப்பை, சீருடை, கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் மே மாதத்தில்தான் வருகின்றன.

விடுமுறை என்று பெயர்தான் இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆண்டு முழுவதும் இல்லாத மனபாரம் இந்த நாற்பது நாட்களில்தான் வந்து சேர்கிறது. திருநாளுக்கு வரும் கூட்டத்தில் சிரித்த முகங்களைத்தான் பார்க்கிறோம். சிரிக்காத முகம் கூட்டத்தில் நிற்காது, பின்பக்கமாகப் போய்விடும்.

குமரி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள நிழல்தாங்கலில் திருநாள் நாலாம் நாள். உகப்படிப்பு முடிந்து, இரவு உம்பான் அன்னத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். தாங்கலைப் பெருக்கிக் கோலமிடும் பணிவிடையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் ஒரு மூதாட்டி, விளக்குமாற்றை வைப்பதற்காகப் பின்பக்கம் போனார். அங்கே கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கால்கள் உள்பக்கமாகத் தொங்கின.

பதினாறு வயதுப் பையன். பத்தாம் வகுப்பு எழுதியிருந்தான். மற்ற பாடங்களில் தேறிவிட்டான். கணக்கில் மட்டும் இருபத்தெட்டு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். முடிவு வந்த இரண்டாம் நாள் அவன் தகப்பன் வளைகுடாவிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வந்தார். அவரோடு அத்தை குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வந்து இறங்கின. வீட்டில் பதினொரு பேர். அத்தை மகள் நானூற்று எழுபதுக்கு மேல் வாங்கியிருந்தாள். யார் வந்தாலும் முதல் கேள்வி, ‘எத்தனை மார்க்?’ என்பதுதான். பையனின் தாய், ‘ரிசல்ட்டுல ஏதோ குளறுபடி, இன்னும் சரியா தெரியல்ல’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். அவனுடைய அறையை விருந்தாளிகளுக்குக் கொடுத்தாயிற்று. அவன் மொட்டைமாடியில் படுத்தான். பகலில் யார் கண்ணிலும் படாமல் இருக்க அங்கேயே உட்கார்ந்துகொண்டான். நாலு நாளாக அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. பதினொரு பேருக்குச் சமைக்கிற வீட்டில் ஒருவன் தட்டு காலியாக இருப்பது எப்படித் தெரியும்?

அந்த மூதாட்டி கூச்சல் போடவில்லை, ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கவும் இல்லை. பக்கத்தில் போய் நின்று, ‘மக்கா, இந்த வாளியை ஒண்ணு பிடி. உம்பானுக்குத் தண்ணி காணாது. எனக்கு இடுப்பு முடியல்ல’ என்றார்.

பையன் காலை இந்தப் பக்கம் எடுத்துப் போட்டு இறங்கினான். இருபது வாளித் தண்ணீர் இறைத்தான். மூதாட்டி பக்கத்திலேயே நின்றார். அடுத்து, ‘சாப்பிட்டியா மக்கா?’ என்று கேட்டார். மார்க் எத்தனை என்று கேட்கவில்லை. அதற்குத்தான் அவன் அழுதான். ‘என்னைய வீட்டுல ஒளிச்சு வச்சிருக்காவ பாட்டி’ என்றான்.

அவர் அவனை அடுப்படிக்குக் கூட்டி வந்து தமது பக்கத்தில் உட்கார வைத்தார். மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில், ‘செத்துப் போயிரணும்னு நெனச்சியா மக்கா?’ என்று நேராகவே கேட்டார். அவன் பதில் சொல்லாமல் தலையை ஆட்டினான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டால் பிள்ளை பாரத்தை இறக்கி வைக்கும். கேட்காவிட்டால் அதைத் தனியாகச் சுமக்கும்.

மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். மூதாட்டி வேண்டாம் என்று தடுத்துவிட்டு, ஒரு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார். தகப்பன் வந்தார். வந்த வேகத்தில், ‘ஏலே, எங்கல போய்த் தொலைஞ்ச? நாலு பேரு முன்னால மானத்தை வாங்கணும்னே…’ என்று கையை ஓங்கிவிட்டார்.

தாங்கலில் பணிவிடை செய்யும் எழுபது வயதுப் பெரியவர் குறுக்கே வந்து நின்றார். ‘தம்பி, அய்யாவுக்க முன்னால நிக்கிய. முதல்ல சட்டையைக் கழத்து. தலைப்பாகை கட்டு. பொறவு பேசலாம்’ என்றார். அவசரத்தில் வந்த தகப்பனிடம் துண்டு இல்லை. பெரியவர் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்றை அவர் கையிலே கொடுத்து, ‘ஒனக்கு அப்புறம். முதல்ல பிள்ளைக்குக் கட்டி விடு’ என்றார்.

தகப்பன் மகன் தலையில் துண்டைச் சுற்றினார். இரண்டு சுற்று சுற்றுவதற்குள் அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

அன்பர்களே, அந்தத் தலைப்பாகை எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில், தாழ்த்தப்பட்ட மக்கள் தலையில் துணி கட்டக் கூடாது, இடுப்புக்கு மேலே உடுத்தக் கூடாது, உயர்ந்தவர் எதிரே வந்தால் தூர விலகி நிற்க வேண்டும் என்று இருந்த காலம். தலைக்கு வரி கேட்டார்கள். குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன அந்த மக்களைத்தான், தலைப்பாகை கட்டிக்கொண்டு தம் முன்னால் நிமிர்ந்து நில்லுங்கள் என்று அய்யா வைகுண்டர் சொன்னார். இன்றும் நாம் கட்டுகிற தலைப்பாகை அழகுக்காகக் கட்டுவது அல்ல. நீ அடிமை இல்லை என்று அய்யா சொன்ன வார்த்தை அது. மன்னனுக்கு முன்னால் குனிய வேண்டாம் என்று சொல்லி நிமிர்த்திய தலையை, கணக்குப் பாடத்தில் ஏழு மார்க் குறைந்ததற்காக நாமே பிடித்துக் குனிய வைக்கிறோம். இது நியாயமா? பெற்றவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

முத்திரிக்கிணற்றையும் நினைக்க வேண்டும். எந்தச் சாதியாக இருந்தாலும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்து, அதே தண்ணீரைக் குடித்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அய்யா வைத்த கிணறு அது. மேல், கீழ் என்று வரிசை பிரிப்பதை ஒழித்த இடம். அந்த வரிசையை வீட்டுக்குள் மறுபடியும் கொண்டுவருகிறோம். இவள் நானூற்று எழுபது, இவன் முந்நூற்றுச் சொச்சம், அவன் பெயில் என்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் காட்டிப் பேசுகிறோம். அன்னதர்மப் பந்தியிலேயே இந்தப் பேச்சு நடக்கிறது. அதிக மார்க் வாங்கிய பெண்ணுக்கும் அது நல்லதல்ல. அடுத்த ஆண்டு குறைந்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்குள் அன்றே தொடங்கிவிடுகிறது.

கலி என்பது எங்கோ இருக்கும் அரக்கன் அல்ல. குறோணியை ஆறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறவி எடுத்ததையும், கடைசித் துண்டு கலியனாக வந்ததையும் திருஏடு வாசிப்பில் கேட்டிருக்கிறோம். முந்தைய யுகத்து அரக்கர்களை அடையாளம் கண்டு எதிர்த்து நிற்க முடிந்தது. கலி மனிதன் மனதுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதுதான் இந்த யுகத்தின் கஷ்டம். எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் வில்லும் அம்புமாக முத்திரிக்கிணற்றுக்கு எழுந்தருளிக் கலிவேட்டை ஆடுவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறோம். பார்த்துவிட்டு வீடு திரும்பும் வேனிலேயே, ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு’ என்று தொடங்கிவிடுகிறோம். அப்படியானால் அந்த வேட்டையில் எதுதான் விழுந்தது?

மறுபடி அந்தத் தாங்கலுக்கு வருவோம். தலைப்பாகை கட்டி முடித்த தகப்பன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார். விருந்தாளிகளுக்குக் கொண்டுவந்த சாமான்களும் கடன்தான். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. திரும்பிப் போனால் வேலை இருக்குமா என்பதும் தெரியாது. பையன் படித்து மேலே வந்துவிட்டால் போதும் என்று அதை ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார். ‘அதுவும் போச்சேன்னுதான் பாட்டா கோவம் வந்துட்டு’ என்றார்.

வீடு மகனை ஒளித்து வைத்தது. தகப்பன் தம் கஷ்டத்தை ஒளித்து வைத்தார். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே, அவரவர் பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். பையனோ, அப்பாவின் முகம் கடுகடுவென்று இருப்பதற்குத் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டான். பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள். காரணத்தைச் சொல்லாவிட்டால் தங்கள் மீதே போட்டுக்கொள்வார்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிள்ளையிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘அப்பாவுக்கு வேலையில ஒரு நெருக்கடி மக்கா, அதனால கோவம் வருது, உன்னால இல்ல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்தப் பையனுக்கு ஏழு வயதுத் தங்கை ஒருத்தி உண்டு. அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்று மூன்று ஆண்டு ஆகியிருந்தது, மறுபடி தொடங்கிவிட்டது. தாய் கண்திருஷ்டி என்று நினைத்தாள். அத்தை, ‘செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே’ என்றாள். சிறு பிள்ளைகளுக்கு மனபாரத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது, உடம்புதான் சொல்லும். வயிற்றுவலி, தலைவலி, தூக்கத்தில் அலறுவது, காரணம் இல்லாமல் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவது, இதெல்லாம் அந்தப் பேச்சுத்தான். இதற்கு அடிப்பதும் கேலி செய்வதும் பாவம். விருந்தாளி எத்தனை பேர் வந்தாலும் சிறு பிள்ளை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, வழக்கமான நேரத்தில், முடிந்தவரை வழக்கமான இடத்தில் தூங்க வேண்டும். வலி விடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், வேறு நோயாகவும் இருக்கலாம் அல்லவா.

தாயையும் குறை சொல்லிவிட முடியாது. விடுமுறை என்பது அவளைத் தவிர எல்லாருக்கும் உண்டு. காலை நாலரைக்கு எழுந்து பதினொரு பேருக்குப் பொங்கி, பாத்திரம் கழுவி, துணி துவைத்து, பிற்பகலில் தாங்கலுக்குக் காய்கறி வெட்டப் போய், இரவு வந்து மறுபடி அடுப்படி. அந்த வீட்டு ஆண்கள் தாங்கலில் எப்படி வேலை செய்வார்கள் தெரியுமா? மூட்டை அரிசி பொங்கி, பெரிய அண்டாவை நாலு பேராகத் தூக்கி இறக்கி, நூறு இலைக்குப் பரிமாறுவார்கள். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டார்கள். அய்யாவுக்குச் செய்வதுதான் பணிவிடை, வீட்டில் செய்தால் மானக்கேடு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பிள்ளை மீது அவள் எரிந்து விழுந்த நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அவள் உட்காராமல் நின்ற நேரமாகத்தான் இருக்கும்.

துவையல் தவசு நடந்த விதம் இதற்கு நல்ல பாடம். எழுநூறு குடும்பங்களை அய்யா கடற்கரைக்கு அனுப்பினார். ஆண்களை மட்டும் அனுப்பவில்லை, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்துதான் போனார்கள். ஒரே கடலில் குளித்தார்கள், ஒன்றாகத் துணி துவைத்தார்கள், எளிய சைவ உணவை ஒருவேளை உண்டார்கள். ஒருவர் தவம் இருக்க, இன்னொருவர் அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. திருநாள் நாட்களில் வீட்டு வேலையையும் அப்படிப் பகிர்ந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வாளி பிடிப்பது, இலை போடுவது, தண்ணீர் வைப்பது எதுவாக இருந்தாலும் சரி. கையில் செல்போனோடு மூலையில் கிடக்கும் பிள்ளையிடமிருந்து போனை மட்டும் பிடுங்கினால் வம்புதான் வரும். கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் போன் கொஞ்ச நேரத்துக்காவது தானாகவே கீழே போகும்.

செலவும் அப்படித்தான். அய்யா காணிக்கை கேட்டதில்லை, வேண்டாம் என்றே சொன்னார். கையில் இருப்பதைக் கொண்டு தர்மம் செய்தால் போதும். புதுத்துணி, வேன் வாடகை, விருந்து என்று வட்டிக்கு வாங்கித் திருநாள் கொண்டாட வேண்டும் என்று எந்தப் பதியிலும் சொல்வதில்லை. அந்தக் கடனின் சண்டை ஆடி மாதம் வரைக்கும் வீட்டில் கேட்கும், அதையும் பிள்ளைகள்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு நாள் சோர்வு என்றால் அன்பும் தூக்கமும் சரிசெய்யும். ஆனால் சாகப்போகிறேன் என்ற பேச்சு, தன் பொருளையெல்லாம் மற்றவருக்குக் கொடுத்துவிடுவது, யாரிடமும் பேசாமல் கிடப்பது, தன் உடம்பையே காயப்படுத்துவது, இவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பதமும் நாமமும் அய்யா தந்த மருந்து, அதில் சந்தேகம் இல்லை. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதை பக்தி என்று சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. பள்ளி, தேர்வு பற்றிய கவலை என்றால் 14417. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு தாங்கலிலும் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம், எல்லார் கண்ணிலும் படும் இடம் அதுதான். நன்கொடைப் பலகைக்கு இருக்கும் இடத்தில் இதற்கும் இடம் இருக்கும்.

அன்றிரவு தகப்பனும் மகனும் பள்ளியறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். அய்யாவழியில் சிலை கிடையாது, கண்ணாடிதான். விளக்கு வெளிச்சத்தில் நம் முகமே அதில் தெரியும். இரண்டு முகங்களும் தலைப்பாகையோடு அதில் தெரிந்தன. பெரியவர் இருவர் நெற்றியிலும் நாமம் இட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பின்பு இலை போட்டு உட்கார்ந்து உம்பான் சாப்பிட்டார்கள். பையன் இரண்டு தடவை வாங்கினான்.

மறுநாள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனார்கள். தாயும் கூடப் போனாள். அன்று வீட்டில் சமைத்தது சித்தப்பா, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கேள்வி. கணக்குக்குத் துணைத்தேர்வு உண்டு, தேறிவிட்டால் அதே ஆண்டில் பதினொன்றில் சேரலாம் என்று பள்ளி ஆசிரியர் சொல்லி, விண்ணப்பம் போட வைத்தார். அத்தை மகள்தான் பிற்பகல்களில் உட்கார்ந்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். தங்கையின் வயிற்றுவலி இரண்டு வாரம் கழித்துத்தான் நின்றது.

கடன் அப்படியே இருக்கிறது. தகப்பன் அதைப் பெண்டாட்டியிடம் சொன்ன அன்று அவள் அழுதாளாம், ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். அடுத்த நாள் ஒரு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதச் சொன்னாள்.

சாமிதோப்புத் தேரோட்டத்தன்று கூட்டத்தில் அந்தக் குடும்பம் நின்றது. வடம் பிடிக்கும் இடத்தில் ஒரு உறவினர் பையனைப் பார்த்து, ‘என்ன மக்கா, எத்தனை மார்க்?’ என்று வழக்கம்போலக் கேட்டார். தகப்பன் மகனின் தோளில் கை போட்டு, ‘கணக்குல போயிருக்கு, திரும்ப எழுதப் போறான். நீங்க வடத்தைப் பிடிங்க அத்தான், தேர் நகருது’ என்றார்.

அய்யா உண்டு